வெளியே குழைவு, உள்ளே கல்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் தடை. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். பெரிய மார்க்கெட்டில் மீன் விலை ஏறிவிடும். அதனால் தடைக்கு முந்தைய வாரமே வஞ்சிரமும் சங்கராவும் வாங்கி, துண்டு போட்டு, ஃப்ரீசரில் அடுக்கிவிடும் வீடுகள் புதுச்சேரியில் நிறைய. தட்டாஞ்சாவடி போன்ற பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொழிற்பேட்டையில் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், கோரிமேடு பக்கம் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்கள் என்று கணவன் மனைவி இருவருமே வேலை பார்க்கும் வீடுகளில், ஞாயிற்றுக்கிழமை வாங்கிய மீனும் கோழியும்தான் வாரம் முழுக்க ஓடுகின்றன.

அந்த வீடுகளின் வழக்கம் ஏறத்தாழ ஒன்றுதான். வேலைக்குக் கிளம்பும்போது ஃப்ரீசரிலிருந்து பொட்டலத்தை எடுத்து அடுப்படி மேடையில் வைத்துவிடுவார்கள். திரும்பி வரும்போது உருகியிருக்கும், நேராகச் சட்டியில் போட்டுவிடலாம். அவசரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்தே எடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஓரத்துத் துண்டுகள் விரல் பட்டால் குழைகின்றன. நடுவிலோ கத்தி இறங்க மறுக்கிறது. மே மாதப் பகல், அடுப்படியில் 34, 35 டிகிரி. சுற்றிலும் இவ்வளவு சூடு இருந்தும் அது ஏன் நடுப்பகுதிக்குப் போய்ச் சேரவில்லை? இந்தக் கேள்விக்கு ஒழுங்காக விடை தேடினால், உறைந்த உணவைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டியதில் பெரும்பகுதி அதிலிருந்தே கிடைத்துவிடும்.

பதிலின் முதல் பாதியை 1760களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜோசப் பிளாக் என்ற பேராசிரியர் கண்டுபிடித்தார். அவர் செய்த சோதனை நம் அடுப்படி மேடையில் நடப்பதேதான். ஒரே அளவான இரண்டு கண்ணாடிக் குடுவைகள். இரண்டிலும் சம அளவு தண்ணீர். ஒன்றில் இருந்ததை முழுக்க உறைய வைத்தார். மற்றதை உறைநிலைக்குச் சற்று மேலே, தண்ணீராகவே, குளிர வைத்தார். இரண்டையும் ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டுக் காத்திருந்தார். குளிர்ந்த தண்ணீர் அரை மணி நேரத்தில் ஏறத்தாழ 4 டிகிரி சூடேறியது. பனிக்கட்டி இருந்த குடுவை அதே அளவை எட்டப் பத்தரை மணி நேரம் ஆனது. இரண்டுக்கும் ஒரே கூடம், ஒரே காற்று, ஒரே வேகத்தில்தான் வெப்பம் வந்துகொண்டிருக்கிறது. அப்படியானால் பனிக்கட்டிக்குள் போன இருபது மடங்கு வெப்பம் எங்கே? வெப்பமானியில் அது தெரியவே இல்லை. பனிக்கட்டியைத் தண்ணீராக மாற்றும் வேலையிலேயே அத்தனையும் செலவாகியிருந்தது. பிளாக் அதற்கு வைத்த பெயரைத்தான் பள்ளிப் பாடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படிக்கிறோம்.

அளவு எவ்வளவு என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கத் தேவைப்படும் வெப்பத்தைக் கொண்டு, உருகிவந்த அதே தண்ணீரைக் கிட்டத்தட்ட 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். மீனிலும் கோழியிலும் எடையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் ஒரு பொட்டலத்தை உருகும் நிலையின் விளிம்புக்குக் கொண்டுவர ஒரு பங்கு வெப்பம் வேண்டும் என்றால், அங்கிருந்து முழுக்க உருக்க ஏழெட்டு பங்கு வேண்டும். அதனால்தான் ஃப்ரீசரிலிருந்து எடுத்த துண்டின் நடுவில் ஒரு வெப்பமானி ஊசியைச் செருகி வைத்தால், எண் முதலில் விறுவிறுவென்று ஏறும். மைனஸ் 2, மைனஸ் 1 என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். வெப்பம் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. எண் மட்டும் மணிக்கணக்கில் நகராது.

ஆனால் இது பாதி விடைதான். உறையும்போதும் இதே உள்ளுறை வெப்பம் வெளியேறியாக வேண்டும். அப்படியானால் உறைவதும் உருகுவதும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டாமா? சுற்றுப்புறத்தோடு உள்ள வெப்ப வேறுபாட்டைச் சமமாக வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அப்போதும் உருகுவதற்குத்தான் கூடுதல் நேரம் ஆகிறது. காரணம், பனிக்கட்டி வெப்பத்தைக் கடத்தும் திறன் தண்ணீரைப் போல் சுமார் நான்கு மடங்கு. மீன் உறையும்போது வெளிப்புறம் முதலில் பனியாகிறது. உள்ளேயிருந்து வரும் வெப்பம் அந்தப் பனிப்படலம் வழியாகச் சுலபமாக வெளியேறுகிறது. உருகும்போது நிலைமை தலைகீழ். வெளிப்புறம் முதலில் தண்ணீராகிறது. அந்தத் தண்ணீர் ஓடிப்போவதும் இல்லை, தசை இழைகளுக்குள் அசையாமல் நிற்கிறது. வெளியே இருக்கும் சூடு உள்ளே போக வேண்டுமென்றால், தானே உண்டாக்கிய இந்த ஈரப் படலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். உருக உருகப் படலம் தடித்துக்கொண்டே போகிறது. மீன் தனக்குத்தானே ஒரு கம்பளியைச் சுற்றிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏற ஏறக் கம்பளியும் தடிக்கிறது. வெளிப்பக்கம் அடுப்படியின் சூட்டை நெருங்கிவிடும். நடுப்பகுதி மைனஸ் ஒன்றிலேயே காத்திருக்கும்.

இனி கவலைக்குரிய பகுதிக்கு வருவோம். அடுப்படி மேடையில் காலை எட்டு மணிக்கு வைத்த பொட்டலத்தின் நடுப்பகுதி மதியம்தான் உருகுகிறது என்றால், அதன் வெளிப்பக்கம் பல மணி நேரமாகச் சூட்டிலேயே இருந்திருக்கிறது. கிருமிகள் இருப்பது பெரும்பாலும் அந்த வெளிப்பக்கத்தில்தான்.

ஃப்ரீசர் கிருமிகளைக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் பரவலாக இருக்கிறது. அது உண்மையல்ல. சில சாகும், பல பிழைத்திருக்கும். வளர்ச்சி நின்றிருக்குமே தவிர உயிர் போயிருக்காது. இதற்குக் கசப்பான சான்று ஒன்று உண்டு. 1994இல் அமெரிக்காவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டவர்களிடையே சால்மோனெல்லா தொற்று பரவியது. சுமார் 2,24,000 பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். ஐஸ்கிரீம் கலவை வந்த டேங்கர் லாரிகளில் அதற்கு முன்பு பச்சை முட்டைத் திரவம் ஏற்றப்பட்டிருந்தது தெரியவந்தது. கலவையில் ஒட்டிக்கொண்ட கிருமிகள் உறைநிலையிலேயே நாடு முழுக்கப் பயணம் செய்து, வாயில் உருகியதும் வேலையைத் தொடங்கிவிட்டன.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டது கிருமிகள் பெருகும் எல்லை. அதிலும் 30 முதல் 40 வரை அவற்றுக்குக் கொண்டாட்டம். நல்ல சூடும் உணவும் கிடைத்தால் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஆறு மணி நேரத்தில் 18 முறை இரட்டித்தால் ஒரே கிருமி 2,62,144 ஆகிவிடும். குளிரில் கிடந்த கிருமி எழுந்து வேலையைத் தொடங்கக் கொஞ்ச நேரம் எடுக்கும் என்பது உண்மை. அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் சலுகை. அமெரிக்க வேளாண் துறையின் வழிகாட்டல் இதைக் கணக்கில் கொண்டே எழுதப்பட்டது: கெடக்கூடிய உணவு அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சுற்றுப்புறம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான்.

அங்கே கோடைகாலத்துக்கு என்று சொல்லப்பட்ட விதிவிலக்கு, புதுச்சேரியில் ஆண்டின் பெரும்பகுதிக்கும் விதி. மே மாதத்தில் பகலில் 36, 37 டிகிரி சாதாரணம். இரவிலும் 27க்குக் கீழே இறங்க மறுக்கும். ‘ராத்திரி முழுக்க வெளியே வை, காலையில் உருகியிருக்கும்’ என்று நம் பாட்டிமார் யாரும் சொன்னதில்லை, அவர்களுக்கு ஃப்ரீசரே கிடையாது. இந்தப் பழக்கம் நம் ஊரின் வெப்பத்துக்கு ஏற்ப உருவானதல்ல, பெட்டி வந்த பிறகு நாமாகப் பிடித்துக்கொண்டது.

‘அதுதான் கொதிக்க வைக்கிறோமே, எல்லாம் செத்துவிடாதா?’ என்று கேட்கலாம். கிருமிகள் சாகும். சில கிருமிகள் பெருகும்போது விட்டுச் செல்லும் நஞ்சு சாகாது, ஏனென்றால் அது உயிரல்ல, வேதிப்பொருள். மீன் சாப்பிடுகிற நமக்கு இதில் முக்கியமானது ஹிஸ்டமின். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. மீனை வெப்பத்தில் விட்டால் சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பில் தடிப்பு தடிப்பாக வரும். ‘மீன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று பலரும் சொல்லிவிட்டு மறந்துவிடும் நிகழ்வுகளில் சில இதுவாக இருக்கலாம். ஹிஸ்டமினைப் பொரித்தும் அழிக்க முடியாது, கொதிக்க வைத்தும் அழிக்க முடியாது, மறுபடி உறைய வைத்தும் அழிக்க முடியாது. வாடையை வைத்துக் கண்டுபிடிக்கவும் இயலாது. நோய் தரும் கிருமிகள் பலவும் அப்படித்தான். நாற்றம் தருகிற கிருமிகள் வேறு, நோய் தருகிறவை வேறு. மூக்கு நல்ல காவலாளிதான், ஆனால் எல்லாத் திருடனையும் அதற்குத் தெரியாது.

அப்படியானால் எப்படித்தான் உருக்குவது? பலரும் செய்வது பொட்டலத்தைத் தண்ணீரில் போடுவது. இது நல்ல முறை, ஒரு திருத்தத்தோடு. அசையாத காற்றைவிடத் தண்ணீர் பன்மடங்கு வேகமாக வெப்பத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். 15 டிகிரித் தண்ணீர், 34 டிகிரிக் காற்றைவிடச் சீக்கிரம் உருக்கிவிடும். நம்புவதற்குக் கடினமாக இருக்கும், ஆனால் தட்டையான இரண்டு பொட்டலங்களை வைத்து யாரும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். குளிர்ந்த தண்ணீர் போதும் என்பதே இதன் பெரிய நன்மை: வெளிப்பக்கம் சூடேறாமலேயே நடுப்பகுதி உருகிவிடும். திருத்தம் எங்கே வருகிறது என்றால், ‘குழாய்த் தண்ணீரில் போடுங்கள்’ என்று குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வதில்தான். அமெரிக்க உணவகங்களுக்கான நெறிமுறை, இதற்கென்று ஓடவிடும் தண்ணீர் 21 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. தட்டாஞ்சாவடியில் மே மாத மதியம் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரில் கை வைக்க முடியாது. அதில் மீனை ஊறப்போடுவது, கிருமிகளுக்கு வெந்நீர்க் குளியல் ஏற்பாடு செய்வதற்குச் சமம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தண்ணீர் புகாத பையில் பொட்டலம் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் பாதிக்குப் பாதி ஃப்ரிட்ஜ் தண்ணீரைக் கலந்துவிடுங்கள், அல்லது ஐஸ் கட்டிகளைத் தாராளமாகப் போடுங்கள். அதிகத் தண்ணீர் வேண்டாம், பொட்டலம் மூழ்கினால் போதும். உருகும் மீனே சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அரைக் கிலோ மீன் முழுக்க உருகும்போது மூன்று லிட்டர் தண்ணீரைப் பத்து டிகிரி அளவுக்குக் குளிர்வித்துவிடும். அரை மணிக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். அரைக் கிலோ தட்டைப் பொட்டலம் ஒரு மணி நேரத்துக்குள் தயாராகிவிடும். உருகியதும் சமைத்துவிட வேண்டும், திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்து ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்பது கூடாது.

எல்லாவற்றிலும் பாதுகாப்பானது, நாளை வேண்டியதை இன்று இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுவது. அங்கே 4 டிகிரி. மீனுக்கும் சுற்றுப்புறத்துக்கும் வேறுபாடு வெறும் ஐந்து டிகிரி என்பதால் மெதுவாகத்தான் உருகும். அரைக் கிலோப் பொட்டலத்துக்கு ஓர் இரவு, முழுக் கோழிக்கு ஒரு நாள் முழுக்க. எந்தப் பகுதியும் கிருமி பெருகும் எல்லைக்குள் நுழைவதே இல்லை என்பதால் அவசரமும் இல்லை. இப்படி உருகிய மீனையும் கோழியையும் ஒன்றிரண்டு நாள் கழித்தும் சமைக்கலாம். கீழ்த்தட்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உருகும்போது வடியும் நீர் கொத்தமல்லி மேலோ தயிர்ச் சட்டிக்குள்ளோ சொட்டக் கூடாது. விளிம்புள்ள எவர்சில்வர் தட்டில் வையுங்கள். காற்றை உறிஞ்சி அடைத்த பாக்கெட்டில் வாங்கிய மீன் என்றால், உருக வைக்கும் முன் பாக்கெட்டைக் கத்தரித்துத் திறந்துவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் மட்டுமே வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா ஒன்று உண்டு, கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம். அதன் ஒரு வகை ஃப்ரிட்ஜின் குளிரிலும் மெல்ல வளரக்கூடியது.

மைக்ரோவேவ் அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் அலைகளைப் பனிக்கட்டி அவ்வளவாக உறிஞ்சாது, தண்ணீர் நன்றாக உறிஞ்சும். அதனால் எந்த மூலை முதலில் உருகுகிறதோ அதுவே மேலும் மேலும் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஓரம் வெந்துவிடும், நடுவில் பனி நிற்கும். டிஃப்ராஸ்ட் என்ற பொத்தானை அழுத்தினால் அது விட்டு விட்டு இயங்குவது, அந்த இடைவெளியில் சூடு பரவட்டும் என்பதற்காகத்தான். அதில் உருக்கியதையும் உடனே சமைத்தாக வேண்டும்.

இத்தனையையும் சொன்ன பிறகு, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது வேறு. எப்படி உருக்குவது என்ற கேள்விக்கு முக்கால்வாசி விடை, எப்படி உறைய வைத்தோம் என்பதிலேயே இருக்கிறது.

1913இல் ருடால்ஃப் பிளாங்க் என்ற ஜெர்மானியப் பொறியாளர், ஒரு பொருள் உறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட ஒரு வழி சொன்னார். இன்றும் குளிர்பதன ஆலைகளில் தொடக்கக் கணக்குக்கு அதைத்தான் எடுக்கிறார்கள். அதிலிருந்து வீட்டுக்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றே: தடிமன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தடிமன் இரு மடங்கானால் நேரம் இரு மடங்கோடு நிற்பதில்லை. வெப்பம் போக வேண்டிய தூரமும் கூடுகிறது, உருக வேண்டிய பொருளும் கூடுகிறது, இரண்டும் பெருக்கிக்கொண்டு நான்கு மடங்கை நெருங்கும். ஒரு கிலோ மீனை உருண்டையாகக் கட்டி வைப்பதற்கும், அதையே இரண்டு விரல் தடிமனுக்கு மேல் போகாமல் தட்டையாகப் பரப்பி நான்கு பைகளில் வைப்பதற்கும் உள்ள வேறுபாடு, அரை நாளுக்கும் அரை மணிக்கும் உள்ள வேறுபாடு. மேடையில் நாள் முழுக்க வைக்க வேண்டிய கட்டாயமே அந்த உருண்டைப் பொட்டலத்தால் வருவதுதான்.

மெல்லியதாக வைப்பதால் ருசியும் காப்பாற்றப்படுகிறது. மீனில் உள்ள தண்ணீர் மைனஸ் 1க்கும் மைனஸ் 5க்கும் இடையில்தான் பெரும்பாலும் பனியாகிறது. அந்த எல்லையை மெதுவாகக் கடந்தால் பனித் துகள்கள் நிதானமாக வளர்ந்து பெரிதாகும், திசுக்களைக் கிழிக்கும். வேகமாகக் கடந்தால் எண்ணற்ற நுண்துகள்களாக நின்றுவிடும். கிழிந்த திசு, உருகும்போது தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாமல் வடியவிடும். தட்டில் தேங்கும் அந்த இளஞ்சிவப்பு நீரில் மீனின் சுவையும் புரதமும்தான் போகின்றன. சமைத்த பிறகு துண்டு சக்கையாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம், மீன்காரர் அல்ல.

இப்படி வேகமாக உறைய வைப்பதை வியாபாரமாக்கியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்ற அமெரிக்கர். 1912 முதல் சில ஆண்டுகள் கனடாவின் லாப்ரடார் பகுதியில் இருந்தவர். அங்குள்ள இனுயிட் மக்கள் கடுங்குளிரில் பிடித்துப் போட்ட மீன் பனிக்கட்டியின் மேலேயே கணத்தில் உறைந்துபோவதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் புதுமீன் போலவே இருப்பதையும் கவனித்தார். மெதுவாக உறைந்த மீன் அப்படி இல்லை. ஊர் திரும்பி, உணவைத் தட்டைப் பெட்டிகளாக்கி, மிகக் குளிர்ந்த இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே அழுத்தி உறைய வைக்கும் இயந்திரத்தை 1920களில் உருவாக்கினார். கடையில் கிடைக்கும் உறைந்த பட்டாணியும் இறாலும் அந்தப் பாதையில் வந்தவை.

வீட்டு ஃப்ரீசரால் அந்த வேகத்தை எட்ட முடியாது. ஆனாலும் அதன் தத்துவத்தை எடுத்துக்கொள்ளலாம். தட்டைப் பொட்டலத்தை ஓர் உலோகத் தட்டின் மேல், ஃப்ரீசரின் அடித்தளத்தையோ பக்கச் சுவரையோ ஒட்டி வையுங்கள். முதல் இரவு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் விடுங்கள். கல்லான பிறகு புத்தகம் போல நிறுத்தி வைக்கலாம். ஐந்து கிலோவை ஒரே நாளில் திணித்தால் ஃப்ரீசருக்குள் இருக்கும் பழைய பொருள்களும் சூடேறும். ஒரு வேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே ஒரு பையில் இருக்கட்டும், உடைத்து எடுக்க வேண்டிய தேவை வராது. பையிலிருந்து காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். காற்று இருந்தால் மேற்பரப்பிலுள்ள பனி உருகாமலேயே நேரடியாக ஆவியாகிவிடும். கற்பூரம் கரைவது போன்ற பதங்கமாதல்தான். பையின் உள்பக்கம் படியும் வெண்பனி அப்படி மீனிலிருந்து போன நீர். வெளுத்து, காய்ந்து, நார்போலத் தெரியும் திட்டுகள் அதனால் வருபவை. உடலுக்குக் கெடுதல் இல்லை, அந்த இடத்தில் சுவை இருக்காது, வெட்டி எறிந்துவிடலாம். பையின் மேல் தேதியை எழுத மறக்க வேண்டாம். மைனஸ் 18இல் கிருமி வளராது என்றாலும் கொழுப்பு மெல்லக் காறிக்கொண்டேதான் இருக்கும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்களை இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

அது என்ன மைனஸ் 18? பாரன்ஹீட் அளவில் பூஜ்யம் என்பது மைனஸ் 17.8 டிகிரி. முழு எண்ணாக இருந்ததால் அமெரிக்கத் தொழில்துறை அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு கலிஃபோர்னியாவின் ஆல்பனியில் இருந்த வேளாண் துறை ஆய்வுக்கூடத்தில், பழம் காய்கறி கோழி என்று பலவற்றையும் வெவ்வேறு வெப்பநிலைகளில் மாதக்கணக்கில் வைத்து, எடுத்துச் சுவைத்து, அளந்து பார்த்தார்கள். சில டிகிரி ஏறினாலே கெடும் வேகம் பல மடங்காவதை அந்த நீண்ட சோதனைகள் காட்டின. நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது, ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல் பெட்டி பல சமயம் அந்தக் குளிரை எட்டுவதில்லை என்பதுதான். கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் மின்சாரச் சிக்கனத்தைப் பற்றியவை, ஃப்ரீசரின் குளிரைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. ஒரு சின்ன வெப்பமானி வாங்கி உள்ளே வைத்துப் பார்ப்பது ஒன்றே வழி. ஐஸ்கிரீம் கல்லாக நிற்காமல் கரண்டிக்கு வழிந்து கொடுக்கிறது என்றால், அங்கே மாதக்கணக்கில் மீன் வைக்க வேண்டாம்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் புயல். 2011 டிசம்பர் 30 அன்று தானே, 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல். இரண்டுமே புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தவை. அப்படிப்பட்ட நாள்களில் மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்போது ஃப்ரீசரைக் காப்பாற்றுவது பிளாக் கண்ட அதே உள்ளுறை வெப்பம்தான். உள்ளே எவ்வளவு பனி இருக்கிறதோ, அத்தனையும் உருகி முடியும்வரை வெப்பநிலை பெரிதாக ஏறாது. 1833இல் பாஸ்டனிலிருந்து கிளம்பிய ஒரு கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு நான்கு மாதம் வெப்பக் கடல்களைத் தாண்டிக் கல்கத்தாவுக்கு வந்தபோது, 100 டன் அளவுக்கு மிச்சம் இருந்தது. நிறைய பனி, நெருக்கமாக, வெப்பம் புகாமல் மூடி: இவ்வளவுதான் ரகசியம். அந்த வியாபாரத்துக்காக 1842இல் கட்டப்பட்ட கிடங்குதான் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்ற பெயரோடு நின்றது, இன்றைய விவேகானந்தர் இல்லம்.

நிறைந்திருக்கும் தனி ஃப்ரீசர், கதவைத் திறக்காமல் விட்டால் 48 மணி நேரம் தாங்கும். பாதி நிறைந்திருந்தால் 24. நம் ஒற்றைக் கதவுப் பெட்டியின் மேல் தட்டிடம் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது. கீழே உள்ள ஃப்ரிட்ஜ் பகுதிக்கு 4 மணி நேரம்தான் கணக்கு. புயல் எச்சரிக்கை வந்ததும் காலியிடங்களில் தண்ணீர் பாட்டில்களை, விளிம்புவரை நிரப்பாமல், வைத்து உறைய விடுங்கள். கூடவே ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிடுங்கள். வெளியூர் போய்த் திரும்புகிறவர்களுக்கும் இது உதவும். நாணயம் மேலேயே இருந்தால் எதுவும் நடக்கவில்லை. அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. மீன் பார்ப்பதற்கு எப்படி இருந்தாலும் எறிந்துவிட வேண்டியதுதான். மனம் வராது. வஞ்சிரத்தின் விலை அப்படி. இருந்தாலும்.

உருகியதை மறுபடி உறைய வைக்கலாமா என்பதற்கும் இதே அளவுகோல்தான். ஃப்ரிட்ஜுக்குள் உருகியிருந்தால், அல்லது தொட்டால் இன்னும் பனித் துகள் நெறநெறவென்று தட்டுப்பட்டால், மறுபடி வைக்கலாம். திசு இரண்டாம் முறை கிழியும், சாறு இன்னும் கொஞ்சம் போகும், அவ்வளவே. மேடையில் உருகியதை வைக்கக் கூடாது.

உருக்காமலேயே சமைக்கக் கூடியவை பல உண்டு என்பதையும் நினைவில் வைக்கலாம். பட்டாணி, துருவிய தேங்காய், கடையில் வாங்கிய பரோட்டா ஆகியவற்றை உருக்குவதால் எந்த நன்மையும் இல்லை, நேராக அடுப்புக்குப் போகலாம். தட்டையாக உறைய வைத்த மீன் துண்டுகளைக் கொதிக்கும் குழம்பில் அப்படியே இறக்கலாம். வழக்கமான நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு விட வேண்டும். குழம்பு கொதி அடங்கி மறுபடி கொதிக்கத் தொடங்கியதிலிருந்து அந்த நேரத்தைக் கணக்கிடுங்கள், ஏனென்றால் போட்ட மீனின் பனி முதலில் குழம்பிலிருந்துதான் தன் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். கோழியை மட்டும் அரைகுறையாக உருகிய நிலையில் பொரிக்க வேண்டாம். எண்ணெயில் வெளிப்பக்கம் சிவந்து முறுகிவிடும், எலும்பை ஒட்டிய இடம் பச்சையாக நிற்கும். அங்கே 74 டிகிரி எட்டியிருக்க வேண்டும், நிறத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. பனி ஒட்டிய துண்டைக் காய்ந்த எண்ணெயில் போடுவதில் வேறோர் ஆபத்தும் உண்டு. எண்ணெய்க்கு அடியில் இறங்கிய ஒரு சொட்டுத் தண்ணீர் நீராவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரிகிறது, மேலே இருக்கும் எண்ணெயை அடுப்பைத் தாண்டித் தூக்கி எறிகிறது. பொரிப்பதற்கென்று எடுத்த துண்டுகளை முழுக்க உருக்கி, துணியில் ஒற்றி ஈரம் போக்கி, மசாலா தடவி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஊறவிட்டு, எண்ணெய் காய்ந்த பிறகு வெளியே எடுங்கள்.